பேரிடர் உதவியில் சீரமைத்த வீடு: இறுதிக் கையொப்பத்திற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் புயலாலும் வெள்ளத்தாலும் சேதமடைந்த வீடுகளைச் சீரமைக்கும் பல திட்டங்கள், மத்திய அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை (ஹட்) வழங்கும் நிதியைக் கொண்டு மாநில அரசுகளால் நடத்தப்படுகின்றன. வேலை முடிந்து சாவி கைக்கு வரும் நாளில், நெடுநாள் வெளியே தங்கிய களைப்பில், நீட்டிய படிவத்தில் எல்லாம் கையொப்பமிட்டுவிடத் தோன்றும். அந்த நாளில்தான் அவசரப்படக் கூடாது. ஒப்பந்ததாரருக்குச் சேர வேண்டிய கடைசித் தொகை பெரும்பாலும் உங்கள் ஒப்புதலுக்குப் பிறகே விடுவிக்கப்படும் என்பதால், விடுபட்ட வேலையைக் கேட்டு வாங்க அதைவிட நல்ல தருணம் பின்னர் அமைவதில்லை.

இறுதி ஆய்வுக்கு வருபவருடன், ஒப்புக்கொண்ட பணிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுதொட்டியின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். வெள்ள மட்டத்திற்கு மேல் உயர்த்திக் கட்டிய வீடாக இருந்து, அதன் அடிப்பகுதி சுவரால் அடைக்கப்பட்டிருந்தால், வெள்ள நீர் புகுந்து வெளியேறும் திறப்புகளைக் கட்டாயம் கவனியுங்கள். பொதுவான விதிப்படி குறைந்தது 2 திறப்புகள் வேண்டும். அடைக்கப்பட்ட பரப்பில் ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலம் என்ற கணக்கில் அவற்றின் மொத்தப் பரப்பு அமைய வேண்டும். அவற்றின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் இருக்கக் கூடாது. வீடு 1978-க்கு முன் கட்டப்பட்டதென்றால், ஈய வண்ணப்பூச்சு தொடர்பான பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். காணும் குறைகளை எழுத்தில் பதிவு செய்து, அவை சரிசெய்யப்பட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

உள்ளாட்சியின் இறுதி ஆய்வுச் சான்று, உத்தரவாதப் பத்திரம் ஆகியவற்றோடு, துணை ஒப்பந்ததாரர்களும் பொருள் கொடுத்தவர்களும் தங்களுக்குப் பாக்கி இல்லை என்று எழுதித் தந்த லீன் (பாக்கிக்காக வீட்டின் மீது கோரும் உரிமை) விடுவிப்புப் பத்திரங்களையும் பெற்றுக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால், ஒப்பந்ததாரர் கொடுக்காத பணத்திற்காக உங்கள் வீட்டின் மீதே உரிமை கோரப்படலாம்.

ஒரே இழப்புக்கு இருமுறை உதவி பெறுவதை மத்திய அரசின் பேரிடர் உதவிச் சட்டமான ஸ்டாஃபோர்ட் சட்டம் தடுக்கிறது. ஆகவே, இழுபறியில் இருந்த காப்பீட்டுத் தொகை திட்டம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தாலும், செலவழிக்கும் முன் திட்ட அலுவலகத்திற்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் அதைத் திருப்பிக் கட்ட நேரும்.

பலர் கவனிக்காமல் விடுவது வெள்ளக் காப்பீடு. அதிக வெள்ள அபாய மண்டலத்தில் உள்ள வீட்டுக்கு, காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உதவி பெற்றுவிட்டு அதைக் கைவிட்டால், அடுத்த வெள்ளத்தில் அந்த வீட்டைப் பழுதுபார்க்க மத்திய அரசின் உதவி கிடைக்காது. தேசிய வெள்ளக் காப்பீட்டில் புதிய பாலிசி பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால், வேலை முடிவதற்குள்ளாகவே விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டை விற்கும்போது, காப்பீடு வைத்திருக்கும் இந்தக் கடமை வாங்குபவரைச் சேர்கிறது என்பதை விற்பனை ஆவணத்திலேயே எழுதித் தெரிவிப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் பொறுப்பு. தெரிவிக்காமல் விட்டு, வாங்கியவர் காப்பீடு இல்லாமல் வெள்ளத்தில் சிக்கி அரசு உதவி பெற்றால், அந்தத் தொகையை அரசு உங்களிடமே கேட்கும்.