வண்டி கிளம்பும் முன் கையில் சான்றிதழ்: கொத்தடிமைக் குடும்பத்தை விடுவிக்கும் முறை

கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி வட மாவட்டங்களில்தான். செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்குத் தோப்பு, மரம் வெட்டும் இடம் என்று கொத்தடிமை விசாரணைக்குப் பல முறை போயிருக்கிறேன். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் வி.ஏ.ஓ. தம்பி, தங்கைகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் எல்லைக்குள் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டு கிடந்தால், முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான்.

பூட்டையும் சங்கிலியையும் தேடாதீர்கள். நான் பார்த்த சூளைகளில் பாதிக்குமேல் வெளிக்கதவே கிடையாது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கேட்பது வேறு. முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், அதைக் காட்டி ஒழுங்கான கூலி தருவதில்லை, அல்லது வேறு வேலைக்குப் போக விடுவதில்லை, அல்லது நினைத்த இடத்துக்குப் போய்வர விடுவதில்லை. முன்பணத்தோடு இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலே போதும். முன்பணத்துக்குச் சீட்டு எங்கே என்று உங்களை மடக்குவார்கள். அசராதீர்கள். கட்டாய வேலை வாங்கப்படுவது தெரிந்தாலே முன்பணம் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1983 டிசம்பரில், பந்துவா முக்தி மோர்ச்சா என்ற கொத்தடிமை மீட்பு அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவருக்குத்தான். கூலிக்காரர் அதை நிரூபிக்க வேண்டியதில்லை.

தகவல் வந்ததும் ஓனருக்கோ, ஆள் பிடித்துவரும் மேஸ்திரிக்கோ போன் போட்டு "அப்படியாமே?" என்று கேட்டுவிடாதீர்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். எழுத்தில் ஒரு அறிக்கை தயார் செய்து அன்றே கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ அனுப்புங்கள். விடுவிக்கும் அதிகாரம் அவர்களுக்கும் கலெக்டருக்கும்தான், உங்களுக்குக் கிடையாது. எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை, எந்த ஊர்க்காரர்கள், எந்த மொழி என்பதை அந்த அறிக்கையில் எழுதுங்கள். திருவள்ளூர்ப் பக்கம் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். ஒடியா தெரிந்த ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். மேஸ்திரியை மொழிபெயர்க்க விட்டால் அங்கேயே எல்லாம் முடிந்தது.

இனி விசாரணை. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஆரம்பத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு சூளையில் ஓனரின் அலுவலக அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏழு இருளர் பழங்குடிக் குடும்பங்களை வரிசையாக நிற்கவைத்து, "இங்க ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டேன். "இல்லம்மா, மொதலாளி நல்லாத்தான் பாத்துக்கிறாரு" என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து வேறு குழு போய் அதே குடும்பங்களை மீட்டது. அதில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, "அன்னிக்கு அவரு கதவுகிட்டதானம்மா நின்னாரு" என்றாள். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது.

அதற்குப் பிறகு ஓனரும் மேஸ்திரியும் இருக்கும் இடத்தில் நான் வாக்குமூலம் வாங்கியதே இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கூட்டிப்போங்கள். முதலில் சாப்பாடு கொடுங்கள். பெண்களிடம் பெண் அலுவலர் தனியாகப் பேசட்டும். "நீ கொத்தடிமையா?" என்று கேட்டால் பதில் வராது, அது அவர்கள் புழங்கும் சொல்லே இல்லை. இப்படிக் கேளுங்கள்: போன பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்களா? கடைசியாக உறவில் சாவு விழுந்தபோது யார் யார் போனது? வாரச் செலவுக்கு எவ்வளவு தருகிறார்கள்? காய்ச்சல் என்றால் யாரிடம் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்? ரேஷன் கார்டு யாரிடம் இருக்கிறது?

சாவுக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு பெரியம்மாவிடம் அதைக் கேட்டபோது உடனே பதில் வரவில்லை. மண் காய்ந்து வெடித்திருந்த விரல்களால் புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்கம்மா செத்ததுக்கு நானும் அவரும் போனோம். பையனை வச்சுக்கிட்டாங்க. சாயங்காலமே திரும்பிட்டோம்" என்றார். பையனுக்கு ஒன்பது வயது. குடும்பமே போகாமல் இருக்க ஒருவரைப் பிடித்துவைத்துக்கொள்வது அங்கே வழக்கம். நடமாடும் சுதந்திரம் இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள், அலுவலக நடைக்கு மாற்றாதீர்கள்.

கூலியைக் கணக்குப் போட்டே எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கல், ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு, எத்தனை பேர் உழைப்பு, எத்தனை மணி நேரம். தலைக்கு வகுத்து, குறைந்தபட்சக் கூலிக்குப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் தாளில் தெரிந்துவிட்டால், பின்னால் எந்த வக்கீலும் அதை மறைக்க முடியாது.

மீட்கும்போது சாமான் ஏற்ற தனி வண்டி வேண்டும். சட்டிபானை, கோழி, நாய் எல்லாம் வரும். நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று ஒரு தாத்தா உட்கார்ந்துவிட்டார். அதட்டாதீர்கள், ஏற்றிக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி ஊருக்குக் கிளம்புவதற்கு முன், ஒவ்வொருவர் கையிலும் விடுதலைச் சான்றிதழ் இருக்க வேண்டும். குடும்பத் தலைவருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. மனைவிக்குத் தனியாக, வேலை செய்த பிள்ளைக்குத் தனியாக. "அப்புறம் தபாலில் அனுப்புகிறோம்" என்று அனுப்பப்பட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். சான்று இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, வாங்கிய கடன் ரத்தானதற்கு அத்தாட்சியும் இல்லை. மாதம் இரண்டு ஆனதும் மேஸ்திரி வாசலில் வந்து நின்றான். சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்தக் கடனை ஒழித்துவிடுகிறது. அதை மறுபடி வசூலிப்பதே 3 ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். இதை வண்டியில் ஏற்றும்போதே உரக்கச் சொல்லுங்கள், இரண்டு முறை சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசின் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. வழக்கு முடியட்டும் என்று இதை நிறுத்திவைக்கக் கூடாது. அதற்குமேல் வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் எஃப்.ஐ.ஆர். ஒழுங்காக விழுவது அவர்கள் வயிற்றுப்பாட்டு விஷயம். கொத்தடிமைச் சட்டத்தோடு, ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுவந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் ஆள்கடத்தலுக்கான 143ஆம் பிரிவும், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். "அவங்களா சம்மதிச்சுத்தான் வந்தாங்க" என்ற பேச்சு 143இல் செல்லாது. குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லி, குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துங்கள். இலவச வக்கீலுக்கு 15100.

ஊருக்கு வந்த பிறகு பத்தாம் நாள் ஒரு முறை, மாதம் முடிந்ததும் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, ரேஷன் கார்டு, வீட்டுமனைப் பட்டா, நூறு நாள் வேலை அட்டை, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தது என்று ஒரு தாளில் எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வாருங்கள். ஊராட்சித் தலைவராக இருந்தால், கொத்தடிமைச் சட்டப்படி உள்ள கோட்ட அளவிலான கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால்தான் கூடும்.

சான்றிதழை லேமினேட் செய்து கொடுங்கள். கூரை வீடு, மழை உள்ளே இறங்கும். ஒரு பாட்டி அரிசி டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தார். ஐப்பசி மழையில் டப்பாவோடு நனைந்து, முத்திரை கரைந்து, எழுத்து போய்விட்டது. நகல் வாங்க எட்டு மாதம் அலைந்தோம். அதனால் ஒரு ஜெராக்ஸ் உங்கள் கோப்பில் இருக்கட்டும், அந்தக் குடும்பத்து மகன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், சான்றிதழ் எண்ணை உங்கள் பதிவேட்டில் அன்றே எழுதிவிடுங்கள்.