பழைய நீச்சல் குளம் புதுப்பிச்சு திறந்திருக்காங்களா? டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

மெரினா நீச்சல் குளத்தை 2024ல சென்னை மாநகராட்சி சீரமைச்சு மறுபடி திறந்ததுல இருந்து, "பசங்கள சேத்து விடலாமா, தண்ணி நல்லா இருக்குமா"ன்னு கேக்கறவங்க நிறைய பேரு. மெரினா மட்டும் இல்ல, பெரியமேடு மை லேடீஸ் பூங்கா பூல், 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டின வேளச்சேரி பூல், எதுக்கும் இதே கேள்விதான். தாராளமா சேத்து விடுங்க. கிளப் மெம்பர்ஷிப் எடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைங்களும் நீச்சல் கத்துக்கற இடம் இந்த ஊர்ல இந்த மாதிரி பொதுப் பூல்தான், அது நல்லா ஓடணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஆனா புது டைல்ஸையும் பெயின்ட்டையும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ஒரு பூலோட உயிர் அதோட மோட்டார் ரூம்லதான் இருக்கு.

முதல்ல தண்ணி. கரையில நின்னு ஆழமான பக்கம் தரையைப் பாருங்க, அடியில இருக்கற டிரெயின் மூடியோட கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியணும். கலங்கலாத் தெரிஞ்சா அன்னைக்கு இறங்காதீங்க, கிருமிக்காக மட்டும் சொல்லல, ஒரு பிள்ளை அடியில போயிட்டா லைஃப் கார்டு கண்ணுக்கே தெரியாது. அந்த மூடி உடையாம, ஆடாம இருக்கான்னும் பாத்துக்கங்க, மூடி இல்லாத டிரெயின் ஓட்டையில மோட்டார் இழுக்கற வேகத்துக்கு முடியோ கையோ மாட்டிக்கிட்டா பெரியவங்களாலயே விடுவிக்க முடியாது.

அடுத்தது வாசனை. "குளோரின் நெடி தூக்கலா அடிக்குது, அப்ப நல்லா மருந்து போட்டிருக்காங்க"ன்னு நம்மாளுங்க நினைச்சுக்கறாங்க, விஷயம் அப்படியே தலைகீழ். வேர்வை, சிறுநீர், உடம்புல தேச்ச எண்ணெய் இதோட எல்லாம் குளோரின் கலந்து உருவாகறதுதான் குளோரமின், மூக்கைத் துளைக்கறதும் கண்ணை எரிக்கறதும் அதுதான். ஒழுங்கா பராமரிக்கற பூல்ல நெடி லேசாத்தான் இருக்கும்.

ஆபீஸ்ல போயி இன்னைக்கு ரீடிங் என்னன்னு கேளுங்க, தயங்காதீங்க, ரெஜிஸ்டர் எழுதற இடமா இருந்தா சந்தோஷமா காட்டுவாங்க. ஃப்ரீ குளோரின், அதாவது எதோடயும் கலக்காம கிருமியக் கொல்ல மிச்சம் இருக்கற குளோரின், 1 லேர்ந்து 3 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கற கணக்கு), தண்ணியோட அமில, காரத் தன்மையச் சொல்ற பிஎச் 7.2 லேர்ந்து 7.8, இந்த ரெண்டு நம்பர் மனசுல இருந்தா போதும். பிஎச் 8 ஆயிட்டா குளோரின் இருந்தும் அதுல முக்கால்வாசி கிருமியக் கொல்லாது, அதனால ஒரு நம்பரை மட்டும் சொன்னா இன்னொண்ணையும் கேட்டு வாங்குங்க. தண்ணிய டெஸ்ட் பண்ண விடற, மஞ்சளா மாறுற சொட்டு மருந்துல பாத்தா அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும், குளோரமினும் அதுல சேந்திடும். பிங்க் ஆகுற டிபிடிங்கற டெஸ்ட் மாத்திரையில பாத்தாதான் ஃப்ரீ குளோரின் தனியா தெரியும். இன்னொண்ணு, நம்ம ஊரு வெயில்ல மேல கூரை இல்லாத பூல்ல குளோரின் சில மணி நேரத்துல பறந்துடும், காலையில 6 மணி ரீடிங்கை வச்சு சாயங்கால பேட்சை நம்ப முடியாது, எத்தனை மணிக்குப் பாத்ததுன்னும் கேளுங்க.

இப்ப மோட்டார் ரூம். உள்ள விடமாட்டாங்க, ஆனா கதவு திறந்திருக்கும்போது எட்டிப் பாத்தா தண்ணிய மணல்ல வடிகட்டற சாண்ட் ஃபில்டர் டேங்க் மேல பிரஷர் கேஜ் தெரியும். ஃபில்டர்ல அழுக்கு சேரச் சேர முள்ளு ஏறும், சுத்தமா இருந்தப்ப காட்டினதை விட 8, 10 பிஎஸ்ஐ (பிரஷரோட அளவு) ஏறினா பேக்வாஷ் பண்ணணும், அதாவது தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு ஃபில்டரைக் கழுவணும். கேஜ் கண்ணாடி உடைஞ்சோ முள்ளு பூஜ்யத்துலயே படுத்தோ இருந்தா, எப்ப பேக்வாஷ் பண்றாங்கங்கறது குத்துமதிப்புதான். பூல்ல ஆள் இருக்கற நேரம் முழுக்க மோட்டார் ஓடணும், சத்தமே கேக்கலைன்னா ஏன்னு கேளுங்க.

கடலோரப் பூலுக்கு தனி சிக்கல் ஒண்ணு இருக்கு. உப்புக் காத்து கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பிய அரிக்கும், துரு பிடிச்ச கம்பி உப்பி கான்கிரீட்டை உள்ளேர்ந்து பிளக்கும். அதனாலதான் மேல டைல்ஸ் ஒட்டி மூடிட்டா மட்டும் பழைய கட்டடம் தாங்காது. கரையில டைல்ஸை ஒரு காயினால தட்டிப் பாருங்க, அடியில பிடிச்சிருந்தா கெட்டியா சத்தம் வரும், டொப்புடொப்புன்னு கேட்டா அடியில காலி. ஏணி, கைப்பிடியெல்லாம் 304 கிரேடு ஸ்டீல்ல போட்டா கடலோரத்துல சீக்கிரமே பழுப்பு கட்டும், 316 கிரேடுதான் தாங்கும்.

லீக் இருக்கான்னு பூல் ஆளுங்களே சுலபமா கண்டுபிடிக்கலாம், உங்க அப்பார்ட்மென்ட் பூலுக்கும் இது ஆகும். ஒரு பக்கெட்ல தண்ணி ஊத்தி பூல் படிக்கட்டுல வச்சு, உள்ள இருக்கற தண்ணியும் வெளிய பூல் தண்ணியும் ஒரே மட்டத்துல வர்ற மாதிரி வச்சுட்டு ரெண்டையும் மார்க் பண்ணிடுங்க, மோட்டாரை நிறுத்திட்டு 24 மணி நேரம் விடுங்க, மழை இல்லாத நாளா பாத்துக்கங்க. வெயிலுக்கு ரெண்டுமே ஒரே அளவுதான் குறையும், பூல் மட்டும் கூடுதலா இறங்கியிருந்தா எங்கயோ கசியுது. கோடைக்குக் கோடை தண்ணி லாரிக்குக் காத்து நிக்கற ஊர்ல இந்த ஒரு பக்கெட் டெஸ்ட் லட்சக்கணக்கான லிட்டரைக் காப்பாத்தும்.

மராமத்துக்குத் தண்ணிய இறக்கறதா இருந்தா அது மழைக்காலத்துல கூடவே கூடாது. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நிலத்தடி நீர் மேல வந்துடும், பூல்ல தண்ணி இருக்கறவரை அந்த எடை தாங்கிப் பிடிக்கும், காலி பண்ணிட்டா கீழேர்ந்து தள்ளற தண்ணி தரையவே வெடிக்க வச்சு மேல தூக்கிடும். பெரிய வேலையெல்லாம் கோடைக்கு முன்னாடியே டெண்டர் முடிச்சு ஏப்ரல், மே மாசத்துல செய்யணும், ஆனா அதுதான் லீவு சீசன், கூட்டம் அதிகம், அந்த ரெண்டு மாசம் பூல் மூடியிருந்தா நாம கத்தாம பொறுத்துக்கணும்.

நம்ம பங்கும் இருக்கு. இறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல நல்லா குளிங்க, தலைக்கு எண்ணெய் வச்சுட்டு வராதீங்க, கேப் போடுங்க. குழந்தைக்கு வயித்துப்போக்கு இருந்தா நின்ன பிறகும் ரெண்டு வாரம் பூலுக்குக் கூட்டிட்டு வராதீங்க. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி சரியான குளோரின் இருக்கற தண்ணியிலயே ஒரு வாரத்துக்கு மேல உயிரோட இருக்கும், ஒரு பிள்ளைகிட்டேர்ந்து மொத்த பேட்சுக்கும் பரவிடும்.

ஏதாவது குறை கண்ணுல பட்டா முதல்ல அங்கயே சொல்லுங்க, மாநகராட்சி பூல்னா 1913க்கு போன் பண்ணி புகார் நம்பர் வாங்கி வச்சுக்கங்க. அதுக்கும் அசையலன்னா 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். "பராமரிப்பு எப்படி இருக்கு"ன்னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். போன 3 மாச குளோரின், பிஎச் ரெஜிஸ்டர் நகல், ஃபில்டர் மணலைக் கடைசியா மாத்தின தேதி, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை லைஃப் கார்டு, தண்ணிய லேப்ல பரிசோதிச்ச ரிப்போர்ட் நகல்னு தனித்தனியா நம்பர் போட்டு கேளுங்க.