நல்ல படத்தை நாமே கெடுப்பது எப்படி?

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ராத்திரி பதினொன்றரைக்கு இருபத்தேழு படங்களின் பெயரை வரிசையாகப் போட்டு, ‘கட்டாயம் பாருங்க’ என்று எழுதியிருந்தார். காலையில் பார்த்தால் மூன்று கட்டைவிரல், பேச்சுமூச்சு இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பட்டியலை நோட்டில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்த ஆள் நான். அடுத்தவருக்குப் படம் சிபாரிசு செய்யும்போது நாம் பண்ணுகிற தப்புகளைத்தான் கீழே சொல்கிறேன். முடிவைச் சொல்லிவிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

பட்டியல் கொடுப்பது

ஒரு படம் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னொன்று.

ஆளைப் பார்க்காமல் சொல்வது

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர், பாலு மகேந்திராவின் படம் ஒன்று சொல்லு என்றார். யோசிக்கவே இல்லை, ‘வீடு’ என்றேன். 1988 படம். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது, தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரை மறக்கவே முடியாது என்றெல்லாம் அளந்தேன். அவர் அப்போது வங்கிக் கடன் வாங்கிப் புறநகரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை. சம்பளக்காரப் பெண் ஒருத்தி ஒரு சின்ன வீடு கட்ட என்ன பாடுபடுகிறாள் என்பதுதான் அந்தப் படம். சிமெண்ட் மூட்டை காணாமல் போகும் இடத்தில் நிறுத்திவிட்டு போன் பண்ணினார். “ஏம்ப்பா, உனக்கு என் மேல ஏதாவது கோபமா?”

எந்தப் பிரதி என்று பார்க்காமல் விடுவது

இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் எனக்கு இன்னும் எரிகிறது.

முதன்முதலாகப் படம் போட்டுக் காட்ட ஆசைப்பட்டபோது நான் எடுத்தது ‘அந்த நாள்’. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ்.பாலசந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயத்துக் கதை. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுவார், கொன்றது யார் என்பதுதான் படம். நண்பன் வீட்டு மொட்டை மாடி, வாடகை புரொஜெக்டர், திரைக்கு அவனுடைய அப்பாவின் எட்டு முழ வேட்டி. பதினாலு பேர் வந்திருந்தார்கள். பிரதி எங்கிருந்து வந்தது? இன்னொரு நண்பனின் பென் டிரைவில் இருந்தது. முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், சத்தம் வருகிறது, போதும் என்று விட்டுவிட்டேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு குரல்: “சிவாஜி அப்பவே இவ்வளவு குண்டா?” பராசக்தி வந்து இரண்டே வருடம் ஆன சிவாஜி அவர், குண்டெல்லாம் இல்லை. அந்தக் காலத்துப் படத்தின் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று, ஏறக்குறையச் சதுரம். யாரோ ஒரு புண்ணியவான் அதை இன்றைய பதினாறுக்கு ஒன்பது அகலத்துக்கு இழுத்திருக்கிறார். எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிட்டார்கள். பண்டரிபாயின் முகம் பூரி மாதிரி இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விசாரணை முற்றி, இதோ உண்மை வெளியே வரப்போகிறது என்கிற இடத்தில் படம் உறைந்து நின்றது. கோப்பு முழுதாக இறங்கியிருக்கவில்லை. பதினாலு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். வேட்டிக்கு முன்னால் நின்று, கதாகாலட்சேபம் மாதிரி, கொலையாளி யார் என்று நான் சொல்லி முடித்தேன். சினிமாவில் முதல்முறை பார்க்கும்போது மட்டுமே கிடைக்கிற ஒரு அதிர்ச்சியைப் பதினாலு பேரிடமிருந்து பறித்தேன். அடுத்த மாதம் வந்தவர்கள் மூன்று பேர். வராத பதினொரு பேருக்கும் பழைய படம் என்றால் குண்டு முகமும் பாதியில் நிற்கிற கதையும்தான். படத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இழுப்பதை விட மோசம், வெட்டுவது. அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் நறுக்கிவிடுவார்கள். படத்தில் கால் பங்கு போய்விடும். நெற்றி இல்லாத நாயகர், பாதம் இல்லாத நாட்டியம். மிக அகலமான சினிமாஸ்கோப் படங்களுக்கு இதே கொடுமை பக்கவாட்டில் நடந்தது. தமிழின் முதல் ஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அப்படிப்பட்ட அகலப் படத்தைப் பழைய டிவிக்காக வெட்டினால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காலி. இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் ஓரத்தில் தெரியும். காப்புரிமைக் கண்காணிப்பை ஏமாற்ற இடம்வலம் மாற்றிப் போட்ட பிரதிகள் வேறு இருக்கின்றன. அதில் எல்லோரும் இடது கைக்காரர்கள்.

அதனால் இப்போது சிபாரிசு செய்வதற்கு முன் நானே ஐந்து நிமிடம் செலவழிக்கிறேன். சுவர்க் கடிகாரமோ வண்டிச் சக்கரமோ வருகிற காட்சியை நிறுத்திப் பார்ப்பேன். வட்டம் வட்டமாக இருக்க வேண்டும், இட்லி மாதிரி அமுங்கியிருந்தால் இழுத்த பிரதி. டைட்டில் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் நறுக்கியது. கடைப் பலகையை நேராகப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஓட்டி, ‘வணக்கம்’ வரை இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதே இல்லை. பிரதி சரியாக இருந்தும் படம் குண்டாகத் தெரிந்தால் டிவியின் பட அளவு அமைப்பில் கோளாறு. படம் மெகா சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடினால் அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். நல்ல பிரதி கிடைக்கவில்லையா, அந்தப் படத்தை இப்போதைக்குச் சொல்லாதீர்கள். வேறு படமா இல்லை?

ஓடாத படமெல்லாம் கல்ட் என்பது

கல்ட் என்றால் சின்னக் கூட்டம் ஒன்று விடாமல் கொண்டாடுகிற படம். ‘அவள் அப்படித்தான்’ 1978 தீபாவளிக்கு வந்தது. ‘அன்பே சிவம்’ 2003. ‘ஆரண்ய காண்டம்’ 2011. தியேட்டரில் கைவிடப்பட்ட பிறகு ஆட்கள் இவற்றைத் தேடிப் பார்த்தார்கள், டிவியில் போட்டபோதெல்லாம் பார்த்தார்கள், வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். தோற்றது மட்டும் தகுதி என்றால், தோற்ற படங்களுக்குக் கோடம்பாக்கத்தில் பஞ்சமே கிடையாது.

‘அது காப்பிதானே?’

அந்த நாள் என்றதும் ‘அது ரஷோமான்’ என்று ஒருவர் கை தூக்குவார். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் அந்த 1950 படம் தந்த உந்துதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ரஷோமானில் ஒரே சாவை ஒவ்வொருவரும் வெவ்வேறாகச் சொல்ல, எது உண்மை என்று கடைசிவரை உறுதியாகாது. அந்த நாளில் சந்தேகம் ஆள் ஆளாக நகர்ந்து ஒரு விடையில் போய் நிற்கும். இரண்டையும் பார்த்துவிட்டு இதைப் பற்றிப் பேசினால் ஒரு மாலை முழுக்கப் பேசலாம். ‘காப்பி’ என்ற ஒரு வார்த்தையில் அந்த மாலை போய்விடுகிறது.

முழங்கையால் இடித்து ‘இப்ப பாரு, இப்ப பாரு’ என்பது

எழுந்து போய் டீ போடுங்கள்.

‘பார்த்தியா?’ என்று துளைப்பது

கேட்காதீர்கள். என் மச்சானிடம் 2019இல் ‘உதிரிப்பூக்கள்’ சொன்னேன். இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், “அந்த மகேந்திரன் படம் பேரு என்ன மாமா?” என்றான். பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பை வெட்டப் போய்விட்டேன்.