சிம்பொனி ஒலிப்பதிவுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கத்திய இசையமைப்பாளர்களான ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் ஆகியோரின் புகழ்பெற்ற சிம்பொனி எதை எடுத்துக்கொண்டாலும், அதற்குப் பல ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. இரண்டைக் கேட்டு வேறுபாட்டை உணர்ந்தவுடன், அதை முழுவதுமாக இசை நடத்துநரின் ரசனை என்று முடிவுகட்டிவிடுவதே நாம் செய்யும் முதல் தவறு. இசைக்குறிப்பின் எந்தப் பதிப்பை வாசிப்பது, எந்தப் பகுதியைத் திரும்ப வாசிப்பது, எத்தனை கலைஞர்களை அமர்த்துவது என்பன போன்ற முடிவுகள் ஒத்திகைக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றைக் கவனிக்காமல் செய்யும் ஒப்பீடு பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

உறையிலோ திரையிலோ காட்டப்படும் நிமிடக் கணக்கை வைத்து வேகத்தை மதிப்பிடுவது இவ்வகைப் பிழைகளில் மிகப் பரவலானது. பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியான ‘எரோயிகா’வின் முதல் பகுதியில் 691 தாள அளவுகள் (இசைக்குறிப்பைப் பகுக்கும் தாளக் கட்டங்கள்) உள்ளன. பீத்தோவன் 1817-இல் வெளியிட்ட மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) அளவின்படி நிமிடத்துக்கு 60 அளவுகள், அதாவது நொடிக்கு ஒன்று, வாசிக்கப்பட வேண்டும். தொடக்கப் பிரிவை அவர் குறித்தபடியே மீண்டும் வாசித்தால் சுமார் 150 அளவுகள் கூடுதலாகி, மொத்தம் ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆகும். அந்த மீள்வாசிப்பைக் கைவிட்டு, நிமிடத்துக்கு 49 அளவுகள் என்று நிதானமாக நடத்துபவருக்கும் அதே 14 நிமிடங்கள்தான் ஆகும். காலப்பிரமாணத்தில் இவ்வளவு விலகி நிற்கும் இரண்டு வாசிப்புகளையும் நிமிடக் கணக்கு ஒன்றாகவே காட்டிவிடும். ஆகவே முதல் மூன்று நான்கு நிமிடங்களைக் கேட்டு, தொடக்கப் பிரிவு திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே வேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

பழைய ஒலிப்பதிவு என்றால் மெதுவானது, பழங்காலக் கருவிகளைக் கொண்ட குழுக்கள் வந்த பிறகே வேகம் வந்தது என்ற எண்ணமும் சரியல்ல. அத்தகைய குழுக்களின் நடத்துநர்களான ராஜர் நாரிங்டன் 1980-களிலும் ஜான் எலியட் கார்டினர் 1990-களிலும் பீத்தோவனின் மெட்ரோனோம் அளவுகளை முன்னிறுத்தியது உண்மையே. ஆனால் அவர்களுக்கு முந்தைய நடத்துநரான ஹெர்மான் ஷெர்ஷென் 1958-லேயே ‘எரோயிகா’வை மிக விரைவாகப் பதிவுசெய்திருக்கிறார், ரெனே லைபோவிட்ஸ் 1961-இல் லண்டனில் ஒன்பது சிம்பொனிகளையும் அந்த அளவுகளை ஒட்டியே நடத்தினார். நிதானத்துக்குப் பேர்போன ஜெர்மானிய நடத்துநர் ஃபுர்ட்வாங்லர்கூட, வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் 1940-களின் இறுதியில் பதிவுசெய்த மோட்சார்ட்டின் 40-ஆம் சிம்பொனியின் முதல் பகுதியைப் பதற்றத்துடன் விரட்டிச் செல்கிறார்.

குழுவின் அளவைப் பற்றியும் இதே போன்றதொரு அவசரத் தீர்ப்பு உண்டு. சிறிய குழுவே உண்மையானது, பெரிய குழு பிற்காலத்தவரின் ஆடம்பரம் என்பார்கள். ஹைடன் பணியாற்றிய எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தின் அரண்மனையில் 1760-களின் தொடக்கத்தில் அவரிடம் சுமார் 15 கலைஞர்கள் இருந்தார்கள் என்பது சரிதான். ஆனால் 1795-இல் லண்டனில் அவருக்குக் கிடைத்த குழுவில் ஏறக்குறைய 60 பேர் இருந்தார்கள். மோட்சார்ட் 1781 ஏப்ரலில் வியன்னாவிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தம் சிம்பொனி ஒன்றை 40 வயலின்கள், 10 டபுள் பேஸ்கள், இரட்டிப்பாக்கப்பட்ட காற்றுக்கருவிகள் ஆகியவற்றுடன் வாசித்ததைப் பூரிப்போடு குறிப்பிடுகிறார். எனவே எந்தப் படைப்பு, எந்த ஊர், எந்த அரங்கம் என்று கேட்காமல் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க இயலாது.

பதிப்பு வேறுபாட்டைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. ‘எரோயிகா’வின் முதல் பகுதி முடியும் தறுவாயில் டிரம்பெட்டுகள் முதன்மை மெட்டைத் தொடங்கி, நடுவிலேயே விட்டுவிடுகின்றன. வால்வு இல்லாததால் எல்லாச் சுரங்களையும் எழுப்ப முடியாத அக்காலத்து டிரம்பெட்டின் வரம்பே இதற்குக் காரணம் என்று கருதிய நடத்துநர்கள் அந்த மெட்டை முழுமையாக்கினார்கள். பழைய ஒலிப்பதிவுகள் பலவற்றில் அது இறுதிவரை முழங்குகிறது. அதைக் கேட்டுப் பழகியவருக்கு, பீத்தோவன் எழுதியபடி வாசிப்பவர் டிரம்பெட்டை அடக்கிவிட்டதாகத் தோன்றக்கூடும். மோட்சார்ட்டின் 40-ஆம் சிம்பொனியில் ஒருவர் கிளாரினெட் என்ற காற்றுக்கருவிகளோடும் மற்றொருவர் அவை இல்லாமலும் வாசித்தால் இரண்டுமே மோட்சார்ட்டின் கைவண்ணம்தான். முதல் வடிவத்துக்குப் பின் அவரே கிளாரினெட்டுகளைச் சேர்த்து மாற்றியமைத்தார். அதற்காகப் பதிப்பு திருத்தமாக இருந்தால் போதும் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. ஆங்கிலேய நடத்துநர் தாமஸ் பீச்சம் 1950-களின் இறுதியில் ஹைடனின் லண்டன் சிம்பொனிகளைப் பிழைகள் மலிந்த பழைய பதிப்புகளைக் கொண்டே பதிவுசெய்தார். ஆயினும் மெதுவான பகுதிகளில் அவர் காட்டும் குறும்பையும் கனிவையும், திருத்திய பதிப்பைக் கையில் வைத்திருக்கும் பலரிடம் நான் காணவில்லை.

நடத்துநரின் பெயரை மட்டும் சொல்லி ஓர் ஒலிப்பதிவைப் பரிந்துரைப்பதும் பயனற்றது. ஹெர்பர்ட் ஃபான் காரயான் பீத்தோவன் சிம்பொனிகளை முதலில் லண்டன் ஃபில்ஹார்மோனியாவுடனும், பிறகு பெர்லின் குழுவுடன் 1960, 70, 80-களில் ஒவ்வொரு முறையுமாக, ஆக நான்கு முறை ஒலிக்கூடத்தில் பதிவுசெய்தார். ஃபுர்ட்வாங்லரின் ஒன்பதாம் சிம்பொனி என்றால் 1942 பெர்லினா, 1951 பைராய்ட்டா, 1954 லூசர்னா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பாட்டுச் செயலிகள் மறுவெளியீட்டு ஆண்டையே பெரும்பாலும் காட்டுவதால், பதிவான ஆண்டையும் குழுவையும் தனியே சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

கைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு ஒப்பிடுவது இன்னொரு தவறு. கார்லோஸ் கிளைபர் 1970-களின் நடுவில் வியன்னாவில் பதிவுசெய்த பீத்தோவனின் ஏழாம் சிம்பொனியில், முதல் வயலின்கள் இடப்புறமும் இரண்டாம் வயலின்கள் வலப்புறமும் அமர்ந்திருக்கின்றன. இறுதிப் பகுதியில் இரு அணிகளும் ஒன்றுக்கொன்று பதிலளிப்பதை ஹெட்போனில் எளிதாகப் பின்தொடரலாம். ஒற்றை ஒலிபெருக்கியில் அது ஒரே வயலின் இரைச்சலாகக் கலந்துவிடுகிறது.