பாஸின் பின்பக்கத்தைப் படியுங்கள்: முதல்முறை கோல்ஃப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆனதும் யாராவது ஒருவர் உங்களிடம் ஒரு கோல்ஃப் போட்டியின் பாஸை நீட்டுவார். வாடிக்கையாளருக்காக வாங்கியது, அவர் வரவில்லை, நீ போய்வா என்பார். மறுக்காதீர்கள், நல்ல அனுபவம்தான். ஆனால் என்ன உடுத்திக்கொண்டு போவது என்று அவரிடமே கேட்டால், "சும்மா கேஷுவலா வா" என்பார் பாருங்கள், அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

பொதுவான விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெரிய போட்டிகள் பெரும்பாலும் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும், நாளுக்கு 18 குழி (பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அது விழ வேண்டிய குழி வரை உள்ள நீளத்தையே 'ஒரு குழி' என்பார்கள்). வெள்ளி மாலையோடு பின்தங்கியவர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அதற்கு முந்தைய நாட்கள் பயிற்சிக்கு. வண்டியை எங்கோ தொலைவில் நிறுத்திவிட்டு அவர்கள் விடும் பஸ்ஸில் போக வேண்டியிருக்கும். வாசலில் பையைப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் போட்டிகளில், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை என்றால் 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 6 அங்குலத் தடிமன் வரை போகலாம். சாதாரணப் பை என்றால் எல்லாப் பக்கமும் 6 அங்குலம்தான். மற்ற போட்டிகளில் அளவு மாறும், டிக்கெட்டோடு வரும் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து நேராக லேப்டாப் பையோடு போகிற வேலை மட்டும் வேண்டாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் ஒன்றும் படிக்காமல் போகவில்லை. முதல் நாள் இரவே போட்டியின் இணையதளத்தைப் பார்த்தேன். பார்வையாளர்களுக்கு உடைக் கட்டுப்பாடு கிடையாது, வசதியாக உடுத்தி வாருங்கள் என்று இருந்தது. அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக் கேஷுவல் என்றால் ஜீன்ஸ். ஆக, என்னிடம் இருந்ததிலேயே நல்ல ஜீன்ஸ், கருநீலம், கிழிசல் கிடையாது, வெளுப்பு கிடையாது. மேலே காலர் வைத்த டி-ஷர்ட், இஸ்திரி போட்டது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மைதானத்து வாசலில் ஒருவரும் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுற்றிலும் ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, ரவுண்ட் நெக், எல்லாம் இருந்தது. ஆனால் என் கையில் இருந்த பாஸ் சாதாரண டிக்கெட் இல்லை. மைதானத்தை வைத்திருக்கும் கிளப்பின் கட்டடமான கிளப்ஹவுஸின் மாடியில், 18-வது கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைப் பார்த்தபடி உட்காரும் விருந்தினர் பாஸ். படியேறினால் மேலே கோட் போட்ட ஒரு பெரியவர். என் சட்டையைப் பார்த்தார், புன்னகைத்தார். பேண்ட்டைப் பார்த்தார். பாஸைத் திருப்பிப் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். கிளப்ஹவுஸுக்குள் கிளப்பின் விதிகள் பொருந்தும், டெனிம் அனுமதி இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அதற்குள் என் மேனேஜர் உள்ளே இருந்து பார்த்துவிட்டு, கையில் தட்டோடு வெளியே வந்து, "ஓ, நான் சொல்லலையா?" என்றார். சொல்லலை ஐயா. கேஷுவல் என்றுதான் சொன்னீர்கள்.

பொறி இதுதான். ஒரே மைதானத்துக்குள் இரண்டு சட்டம் ஓடுகிறது. கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கும் கூட்டத்துக்குப் போட்டி நடத்துகிறவர்களின் விதி, அது பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். கிளப்ஹவுஸும் சில விருந்தினர் கூடாரங்களும் அந்தந்த கிளப்பின் விதிக்குள் வரும். அந்த விதியை உறுப்பினர்களுக்காக எழுதியிருப்பார்கள். இணையதளத்தில் நீங்கள் படிப்பது முதல் சட்டம், கையில் வைத்திருப்பது இரண்டாவது சட்டத்தின் பாஸ். அதனால் பாஸ் கொடுத்தவரிடம் "என்ன உடுத்தட்டும்?" என்று கேட்காதீர்கள். "இது எந்த இடத்துக்கான பாஸ், அங்கே டெனிம் விடுவார்களா?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பேச்சில் 'ஸ்மார்ட் கேஷுவல்', 'கோல்ஃப் கேஷுவல்' என்றெல்லாம் வரும். ஆண்களுக்கு அதன் அர்த்தம் காலர் வைத்த சட்டை அல்லது போலோ, பருத்தி முழுக்கால் பேண்ட், பெல்ட், சுத்தமான ஷூ, அவ்வளவுதான். சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பெரிய பை வைத்துத் தைத்த கார்கோ பேண்ட், ஜிம் உடை, ரப்பர் செருப்பு இதெல்லாம் ஆகாது. கட்டடத்துக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிடுங்கள், பல கிளப்களில் அதையும் பார்ப்பார்கள். பெண்களுக்கு விதி கொஞ்சம் இளகியது. சல்வார், குர்த்தா, நீளப் பாவாடை எதிலும் தடை வந்து நான் பார்த்ததில்லை. புடவை கட்டினாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஆனால் காலைப் பனியில் புல்மேல் நடந்தால் கரை முழங்கால் வரை நனைந்துவிடும் என்று என் மனைவி எழுதச் சொல்கிறாள்.

எனக்கு டெனிம் மேல் இவர்களுக்கு என்ன கோபம் என்று இன்னும் புரியவில்லை. ஒரு காலத்தில் உடலுழைப்பாளிகளின் உடையாக இருந்ததை வாசலிலேயே நிறுத்திவைத்த புத்திதான் என்று நினைக்கிறேன், இன்றைக்கு அந்த ஜீன்ஸுக்குப் பருத்தி பேண்ட்டைவிட விலை அதிகம் என்பது வேறு. இந்த விளையாட்டில் உடை விஷயம் எல்லாமே மெதுவாகத்தான் நகரும். பிஜிஏ டூரில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் 'கேடி'கள் அரைக்கால் சட்டை போட 1999-இல்தான் அனுமதி கிடைத்தது. ஆட்டக்காரர்களுக்கோ 2019-இல்தான், அதுவும் பயிற்சியிலும், பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ஆடும் புரோ-ஆம் நாளிலும் மட்டும். போட்டிச் சுற்றில் வெயில் கொளுத்தினாலும் முழுக்கால் பேண்ட்தான். பார்க்கிற நாம் அரைக்கால் சட்டையில் நிற்கலாம், கோடிகளில் சம்பாதிக்கிறவர் நிற்க முடியாது. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா கிளப்பின் பச்சைக் கோட் கதையும் இப்படித்தான். 1937-இல் கிளப் உறுப்பினர்கள் அதைப் போடத் தொடங்கியது, பார்வையாளர்கள் சந்தேகம் கேட்க யாரை அணுகலாம் என்று அடையாளம் தெரிவதற்காக. ஜெயித்தவருக்கு அதைப் போட்டுவிடுவது 1949-இல் சாம் ஸ்னீடிடம் தொடங்கியது. வேடிக்கைக்குக்கூட அங்கே பச்சைக் கோட்டோடு போய் நிற்காதீர்கள்.

திரும்பிப் போக மனசில்லாமல், நினைவுப் பொருள் விற்கும் கூடாரத்துக்கு ஓடினேன். சட்டை நூறு விதம், தொப்பி ஆயிரம் விதம், குடை, துண்டு, பந்து. பேண்ட் என்று ஒன்றுகூட இல்லை. கடைசியில் கிடைத்தது மழைக்குப் போடும் மேல் பேண்ட். அதன் விலையில் இரண்டு நல்ல பேண்ட் எடுத்திருக்கலாம். ஜீன்ஸ் மேலேயே அதை மாட்டிக்கொண்டு மறுபடி படியேறினேன். பெரியவர் ஒரு நொடி யோசித்துவிட்டு வழிவிட்டார், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான். பத்து நிமிடத்தில் உள்ளே வெந்துபோனேன். வெளியே வந்து 17-வது கிரீன் பக்கம் நின்றேன்.

இந்தப் பாடம் எந்தக் குறிப்பிலும் இருக்காது. ஆட்டக்காரர் பந்தைத் தட்டக் குனிந்ததும், கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல்கள் அமைதி கேட்டுக் கையைத் தூக்குவார்கள். ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் நான் அந்த மழைப் பேண்ட்டோடு கால் மாற்றி நின்றேன். சரக். பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். பதறிப்போய் அசையாமல் நிற்கப் பார்த்தேன், மறுபடி சரக். மார்ஷல் என்னைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் கடையிலேயே போட்டு இரண்டடி நடந்து காதைத் தீட்டிக்கொள்கிறேன். மழைக்கோட்டு என்றால் மெல்லிய, சத்தம் போடாத துணியில் வாங்குங்கள். சரட்டென்று பிரியும் ஒட்டுப்பட்டி வைத்த பாக்கெட் வேண்டாம். கை நிறைய வளையலும் கொத்துச் சாவியும் அன்றைக்கு வேண்டாம். ஃபோனைச் சத்தமில்லாமல் வைப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸில் ஃபோனை உள்ளேயே விடமாட்டார்கள். அங்கே போனால் கையில் சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொண்டு, கூட வருபவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மாதிரி நிறத்தில் ஒரு தொப்பியும் போடச் சொல்லுங்கள்.

கால் விஷயத்துக்கு வருவோம். கிரிக்கெட் என்றால் சீட்டில் உட்கார்ந்துவிடுவோம், ஆட்டம் நம் முன்னால் நடக்கும். இங்கே ஆட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், பிடித்த ஆட்டக்காரரைத் தொடர வேண்டுமானால் நாமும் கூடவே நடக்க வேண்டும். 18 குழிகளின் நீளம் மட்டுமே 7,000 கெஜத்துக்கு மேல், ஆறரைக் கிலோமீட்டர் என்று வையுங்கள். கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மேடு ஏறி இறங்கி, கழிப்பறைக்கும் போய்வந்தால் பத்தை எட்டிவிடும். என் கதையைக் கேட்டு மிரண்டுபோன ஒரு நண்பர், அடுத்த போட்டிக்குப் புதுத் தோல் ஷூவும் கோட்டும் போட்டுக்கொண்டு போனார். எல்லாக் கதவும் திறந்தது. ஏழாவது குழியில் குதிகால் கொப்புளம் உடைந்து, மீதி நாளை முதலுதவிக் கூடாரத்துக்கு வெளியே கழித்தார். ஏற்கெனவே பழகிய, அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூதான் சரி. வெள்ளை வேண்டாம், புல் கறை போகாது. கூர்மையான குதிகால் மண்ணுக்குள் இறங்கிவிடும். உலோக முள் வைத்த கோல்ஃப் ஷூவைப் பார்வையாளர்களுக்குப் பல இடங்களில் தடுத்திருக்கிறார்கள், ஆட்டக்காரர் மாதிரி தெரிய வேண்டும் என்று அதை வாங்கப் போகாதீர்கள்.

வெயிலுக்கு ஒதுங்க மரம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பிரிட்டனின் பெரிய போட்டியான தி ஓப்பன் நடக்கும், லிங்க்ஸ் எனப்படும் கடலோர மைதானங்களில் மரமே அபூர்வம், ஒரே நாளில் வெயில், மழை, எலும்பைத் துளைக்கும் காற்று மூன்றும் வரும். மெல்லிசாக மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு, கழற்றிக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். அகலத் தொப்பி நல்லதுதான், ஆனால் கிராண்ட்ஸ்டாண்டில் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மடக்க முடிகிற மாதிரி இருக்கட்டும். குடைக்கும் இதே கதை. இடி இடித்து ஹாரன் ஒலித்தால் அந்தக் குடையோடு மரத்தடியில் போய் நிற்காமல் அவர்கள் காட்டும் இடத்துக்கு ஓடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கு. அமெரிக்காவில் நடக்கும் ஃபீனிக்ஸ் ஓப்பன் போட்டியில் டிபிசி ஸ்காட்ஸ்டேல் மைதானத்தின் 16-வது குழியைச் சுற்றி ஸ்டேடியமே கட்டியிருக்கிறார்கள். அங்கே வேஷம் கட்டிக்கொண்டு வந்து கத்துவார்கள், கேட்கவே ஆள் இல்லை. அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பையிலும் அணி நிறத்தில் தலை முதல் கால் வரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. டிவியில் அதைப் பார்த்துவிட்டு எல்லாப் போட்டியும் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

மறு வருடமும் அதே பாஸ் வந்தது. பழுப்பு நிறப் பருத்தி பேண்ட், பெல்ட், உள்ளே விட்ட போலோ. அதே பெரியவர்தான் இருந்தார், அடையாளம் கண்டுகொண்டு கதவை அகலமாகத் திறந்துவிட்டார். உள்ளே ஏசி, மெத்தை நாற்காலி, பெரிய டிவி. கண்ணாடிக்கு வெளியே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, உள்ளே பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு டிவியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் கீழே இறங்கி 17-வது கிரீனுக்குப் போய், கயிற்றோரம் ஜீன்ஸ் போட்டவர்களோடு போய் நின்றுகொண்டேன்.