கெர்னலுக்கு முதல் பேட்ச்: மெயில்ல எப்படிப் பேசறது

லினக்ஸ் கெர்னல்ல, அதாவது அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியில, ஒரு பக்கை (பிழையை) கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டீங்க, அந்த மாற்றத்தைத்தான் பேட்ச்னு சொல்வாங்க, பூட் பண்ணியும் பாத்தாச்சு, வேலை செய்யுது. அடுத்து என்னன்னு தேடினா கிட்ஹப்ல, மாற்றத்தை எடுத்துக்கச் சொல்லிக் கேக்கற புல் ரிக்வெஸ்ட் பட்டன்தான் கண்ணுல படும், ஆனா அங்க இருக்கறது லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸோட ட்ரீக்கு (சோர்ஸ் கோட் தொகுப்புக்கு) ஒரு நகல் மட்டும்தான், அதுல போடற ரிக்வெஸ்டை எடுத்துக்க மாட்டாங்க. கெர்னல் வேலை இன்னிக்கும் பெரும்பாலும் மெயில்லதான் ஓடுது. அதனால மெயில் எழுதற பழக்கமும் கோட் எழுதற மாதிரி ஒரு வேலைதான், அதைக் கத்துக்காம விட்டு நல்ல பேட்ச் எத்தனையோ அப்படியே கிடக்குது, அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

முதல்ல யாருக்கு அனுப்பறதுன்னு பாக்கணும். சோர்ஸ்ல ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள கெட் மெயின்டெய்னர்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, உங்க பேட்ச் ஃபைலை அதுக்குக் குடுத்தா எந்த மெயின்டெய்னர் (அந்தப் பகுதியைப் பொறுப்பா பாத்துக்கறவர்), எந்த மெயிலிங் லிஸ்ட்னு சொல்லிடும். மெயின்டெய்னரை மெயிலோட "To" இடத்துல போடுங்க, லிஸ்டை "Cc" இடத்துல போடுங்க. நம்ம காலேஜ் பசங்க நிறைய பேர் "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு மெயின்டெய்னருக்கு மட்டும் தனியா எழுதறாங்க. மரியாதையிலதான் அப்படிப் பண்றாங்க, புரியுது, ஆனா தனியா எழுதினா பதில் தெரிஞ்ச இன்னொருத்தர் அதைப் பாக்கவே முடியாது, பழைய மெயில்களைச் சேத்து வைக்கற லோர்னு சொல்ற ஆர்க்கைவ்லயும் அது ஏறாது, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த வரி ஏன் மாறுச்சுன்னு தேடறவருக்கும் ஒண்ணும் கிடைக்காது. அதே மாதிரி சார் வேண்டாம், மெயின்டெய்னர்ல பெண்களும் இருக்காங்க, பேர் சொல்லியே கூப்பிடுங்க, அங்க அது மரியாதைக் குறைவு கிடையாது.

மெயில் ப்ளெய்ன் டெக்ஸ்ட்டா இருக்கணும், எச்டிஎம்எல்னா லிஸ்ட் சர்வரே திருப்பி அனுப்பிடும். நான் முதல் தடவை பேட்சை பிரவுசர்ல பேஸ்ட் பண்ணி அனுப்பினேன், டேப் எல்லாம் ஸ்பேஸா மாறிப்போச்சு, நீள வரிகள் உடைஞ்சுபோச்சு, அப்ளை ஆகலன்னு ஒரு வரில பதில் வந்துச்சு. அதனால கிட்ல (கோட் மாற்றங்களைப் பதிவு பண்ற டூல்) இருக்கற சென்ட்-ஈமெயிலை செட்டப் பண்ணிக்கோங்க, லிஸ்டுக்குப் போடறதுக்கு முன்னாடி உங்களுக்கே அனுப்பி, வந்த மெயிலை சேவ் பண்ணி, மெயில்ல இருக்கற பேட்சைக் கோட்ல பொருத்தற கிட் ஏஎம்ல அப்ளை ஆகுதான்னு பாருங்க. கோட் எழுதின முறையைச் சரி பாக்கற செக்பேட்ச் ஸ்கிரிப்டையும் ஓட்டிடுங்க.

சப்ஜெக்ட்ல அந்த சப்சிஸ்டம் (கெர்னலோட எந்தப் பகுதின்னு) பேர் முன்னாடி வரணும், எப்படி எழுதறாங்கன்னு அந்த ஃபைலோட கிட் லாக், அதாவது பழைய மாற்றங்களோட பட்டியலைப் பாத்தாலே தெரியும். நெட்வொர்க்கிங்னா எந்த ட்ரீக்கு அனுப்பறீங்கன்னும் சொல்லணும், பக் ஃபிக்ஸ்னா நெட், புது வசதின்னா நெட்-நெக்ஸ்ட். உள்ள எழுதறப்போ வரிக்கு 75 எழுத்துக்குள்ள வச்சுக்கோங்க. என்ன மாத்தினீங்கன்னு டிஃப்பே (மாறின வரிகளோட பட்டியல்) சொல்லிடும், ஏன் மாத்தினீங்க, அந்த பக்கால மெஷின்ல என்ன ஆச்சு, ஹேங் ஆச்சா, டேட்டா போச்சா, அதை எழுதுங்க. பழைய கமிட் (கிட்ல பதிவான மாற்றம்) ஒண்ணுல வந்த பக்னா ஃபிக்ஸஸ் டேக்ல அந்தக் கமிட் ஐடியோட முதல் 12 எழுத்தும் தலைப்பும் போடணும், ஸ்டேபிள் ட்ரீல, அதாவது வெளிவந்த வெர்ஷன்களுக்கு ஃபிக்ஸ் சேக்கற இடத்துல, வேலை பாக்கறவங்களுக்கு அது ரொம்ப உதவும். கடைசில சைன்ட்-ஆஃப்-பைன்னு உங்க பேரோட ஒரு வரி. லினக்ஸ்ல தன்னோட கோட் இருக்குன்னு எஸ்சிஓ கம்பெனி போட்ட கேஸ் ஓடிட்டு இருந்தப்போ 2004ல கொண்டுவந்த வழக்கம் அது, இந்தக் கோடை அனுப்ப எனக்கு உரிமை இருக்குன்னு நீங்க குடுக்கற உறுதி, அதனால எல்லாருக்கும் தெரிஞ்ச உங்க பேர்லயே போடுங்க.

அனுப்பியாச்சு, பதில் வரல. இங்கதான் பொறுமை வேணும், குறைஞ்சது ஒரு வாரமாவது விடுங்க, ரெண்டு மூணு வாரம் ஆகறதும் சகஜம். ஒவ்வொரு ரிலீஸுக்கு அப்புறமும் ரெண்டு வாரம், புது மாற்றங்களைச் சேத்துக்கற மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும், அப்போ மெயின்டெய்னர்களுக்கு தலைக்கு மேல வேலை, நெட்-நெக்ஸ்டை அந்த சமயம் மூடியே வச்சிருப்பாங்க. அதுக்கப்புறமும் பதில் இல்லன்னா அதே த்ரெட்ல ரெண்டு வரி, மரியாதையா, போதும்.

பதில் வந்துட்டா அதுதான் முக்கியமான கட்டம், பேட்சை விட இதுக்கு நேரம் குடுங்கன்னு சொல்வேன். அவர் எழுதின ஒவ்வொரு கேள்விக்கும் கீழ உங்க பதிலை எழுதுங்க, மேல மொத்தமா எழுதிட்டு கீழ 300 வரியை அப்படியே தொங்க விடாதீங்க, தேவையில்லாத வரிகளை வெட்டிடுங்க, ரிப்ளை ஆல் குடுங்க. கோட்ல இருக்கற ஒரு லாக்கை (பூட்டை) காட்டி "இந்த லாக் இங்க எதுக்கு?"ன்னு கேட்டா அது நிஜமாவே கேள்விதான். நிறைய பேர் பயந்துபோய் பதிலே எழுதாம லாக்கைத் தூக்கிட்டு அடுத்த வெர்ஷன் அனுப்பிடறாங்க, அப்போ லாக் வேணுமா வேண்டாமான்னு யாருக்குமே தெரியாமப் போயிடுது. தெரிஞ்சா காரணத்தை எழுதுங்க, தெரியலன்னா "பாத்துட்டு சொல்றேன்"னு எழுதிட்டு உண்மையிலேயே போய்ப் பாருங்க. அவர் சொன்னது தப்புன்னு தோணுச்சுன்னா ட்ரேஸையோ டெஸ்ட் ரிசல்டையோ காட்டிப் பேசுங்க. பதில் காரமா வந்தா ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு எழுதுங்க, நான் இன்னிக்கும் அப்படித்தான்.

பேச்சு ஓய்ஞ்சதும் வி2, அதாவது ரெண்டாவது வெர்ஷன் அனுப்பலாம், நெட்வொர்க்கிங்ல 24 மணி நேரத்துக்குள்ள திரும்ப அனுப்பக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. வி1ல இருந்து என்ன மாறுச்சுங்கறதை மூணு கோடு (---) போட்ட வரிக்குக் கீழ எழுதுங்க, அது கிட் ஹிஸ்டரில ஏறாது, ரிவியூ பண்றவருக்கு மட்டும்தான். யாராவது ரிவ்யூட்-பை (பாத்துட்டேன், சரிதான்னு சொல்ற வரி) குடுத்திருந்தா அதைச் சேத்துக்கோங்க, பேட்ச் ரொம்ப மாறிட்டா எடுத்துட்டு, எடுத்துட்டேன்னு சொல்லுங்க.

உங்க மாற்றம் கெர்னலோட நிக்காம வேற ப்ராஜெக்டையும் தொடுதுன்னா கொஞ்சம் முன்னாடியே பேச ஆரம்பிக்கணும். கிராஃபிக்ஸ் டிரைவரை எடுத்துக்கோங்க, யூசர்ஸ்பேஸுக்கு (கெர்னலுக்கு வெளிய ஓடற ப்ரோக்ராம்களுக்கு) புது இன்டர்ஃபேஸ் சேக்கணும்னா அதைப் பயன்படுத்தற ஓப்பன் சோர்ஸ் கோட் மேசா (கிராஃபிக்ஸ் லைப்ரரி) மாதிரி ப்ராஜெக்ட்ல ரிவியூ முடிஞ்சு தயாரா இருக்கணும், அப்புறம்தான் கெர்னல்ல எடுப்பாங்க, கெர்னல்ல ஏறினப்புறம்தான் அந்தப் பக்கம் மெர்ஜ் ஆகும். கெர்னல்ல ஒரு தடவை வெளிய விட்ட இன்டர்ஃபேஸை திரும்ப வாங்க முடியாது, அதான் இவ்வளவு கண்டிப்பு, எனக்கு அது சரின்னுதான் படுது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்பி, ஒண்ணுல இன்னொண்ணோட லிங்கைக் குடுத்துடுங்க, அந்தப் பக்கம் என்ன பேசறாங்கன்னு இவங்க தேடிட்டு இருக்கக் கூடாது.

டெபியன், ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோல (லினக்ஸைத் தொகுத்துக் குடுக்கற ப்ராஜெக்ட்ல) உக்காந்து ஃபிக்ஸ் பண்றவங்களும் அந்த பேட்சை அங்கயே வச்சுக்காம மூல ப்ராஜெக்டுக்கு அனுப்பிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு புது வெர்ஷனுக்கும் நீங்கதான் அதைத் திரும்பப் பொருத்திட்டு இருக்கணும்.

மெயின்டெய்னர் "அப்ளைட்"னு எழுதிட்டாலும் அந்த மெயில் அட்ரஸை விட்டுடாதீங்க. வேற ஆர்க்கிடெக்சர்ல (வேற வகை ப்ராசசர்ல) பில்ட் உடையுதுன்னு டெஸ்ட் ரோபோட் கிட்டயிருந்து மெயில் வரும், ரெண்டு மாசம் கழிச்சு யாரோ ஒருத்தர் உங்க கமிட்டாலதான் அவரோட லேப்டாப் தூக்கத்துல இருந்து எழுந்திரிக்கலன்னு பைசெக்ட் (எந்தக் கமிட்ல கெட்டுச்சுன்னு பாதி பாதியாத் தேடற முறை) ரிசல்டோட வந்து நிப்பார், அன்னிக்கே "பாத்தேன், தேடிட்டு இருக்கேன்"னு அவருக்கு ஒரு வரி போட்டுட்டு வேலையை ஆரம்பிங்க.