ரப்பர் படகுக்கு இடம் கிடைத்தது

என் பாய்மரப் படகு சிறியது. கரைக்குப் போய்வர வைத்திருக்கும், காற்றடைக்கும் ரப்பர் படகைப் பின்னால் கட்டி இழுத்தால் வேகம் குறைந்தது. பலத்த காற்றில் ஒருமுறை ரப்பர் படகு குப்புறக் கவிழ்ந்தே போனது. சரி என்று சுருட்டி உள்ளே படுக்கைக்கடியில் திணித்தேன். இரண்டே வாரத்தில் பூஞ்சை வாடை! உப்பு ஈரத்தோடு சுருட்டியது என் தப்புதான்.

இப்போது நல்ல தண்ணீரில் கழுவி, மடிப்புகளில் ஒளிந்திருக்கும் மணலைத் தட்டி, நன்றாகக் காயவைக்கிறேன். அப்புறம் வால்வு இல்லாத முனையிலிருந்து வால்வை நோக்கிச் சுருட்டுவேன்; எதிர்ப்பக்கமிருந்து சுருட்டினால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மிச்சத்தைப் பம்பின் உறிஞ்சும் துளையில் குழாயை மாட்டி இழுத்துவிடலாம். பொதி தலையணை உறை போலத் தட்டையாகிவிடும் என்று நம்ப வேண்டாம், ஆனாலும் கணிசமாக இளைக்கும். பாய்மரத் தண்டுக்கு முன்னால், உள்ளறையின் மேல்மூடியை மறைக்காமல், இரண்டு பட்டைகளால் இறுக்கி, வெயிலுக்குத் துணி உறை போட்டிருக்கிறேன். முன்பாயின் கயிறு மட்டும் இன்னமும் அவ்வப்போது பட்டையின் கொக்கியில் மாட்டுகிறது.